நீல நிழலுக்குச் சோகம் கிடையாது

"தம்பி, நீங்க என்ஜினியர். மீட்டர் வச்சு அளக்குற ஆளு. இந்த மாதிரி ஓவியத்தையெல்லாம் மனசால பாக்கணும்."

ஜொகூர் பாருவில் நடந்த ஒரு வாசகர் சந்திப்பில் மோனே பற்றி இருபது நிமிடம் பேசியிருந்தேன். முடிந்ததும் மூத்த எழுத்தாளர் ஒருவர் எழுந்து சொன்னது இது. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். பிறகு மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் ஆறி ஏடு கட்டும்வரை அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். இம்ப்ரஷனிசம் என்றால் மனப்பதிவு. ஓவியன் தன் மனநிலையை வண்ணமாக மாற்றுகிறான். நீலம் சோகம், மஞ்சள் மகிழ்ச்சி, சாம்பல் தனிமை. "அளந்தீங்கன்னா செத்துப்போயிடும் தம்பி" என்றார். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. அவருடைய ஒரு சிறுகதையைப் படித்துவிட்டுத்தான் நான் தமிழில் எழுதவே ஆரம்பித்தேன். அதனால் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

அவர் சொன்னது தவறு. அவர் ஒருவரின் தவறாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் அந்த ஓவியங்களைப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

2017 கடைசியில் பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்திலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கு வந்தன. நான் அப்போது மின்பொறியியல் இரண்டாம் ஆண்டு. பஸ் பிடித்து, பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்று, போய்ப் பார்த்தேன். அந்தக் கண்காட்சியை ஓவியர் வாரியாக அடுக்காமல் வண்ணங்களின் வழியாக அடுக்கியிருந்தார்கள். மானேவின் கறுப்பிலிருந்து தொடங்கும். அப்படி அடுக்கியதற்கு ஒரு காரணம் இருக்குமே, ஏன் கறுப்பில் தொடங்குகிறது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அன்றிரவே விடுதிக்கு வந்து முகநூலில் எழுதினேன்: மோனேவின் நீலத்தில் என் தனிமையைக் கண்டேன் என்று. லைக் நன்றாகவே விழுந்தது. இன்று அந்த வரியைப் பார்த்தால் காது சூடாகிறது. நான் அங்கே மோனேவைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அதற்குக் கண்ணாடி போதும், கடப்பிதழ் தேவையில்லை.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் 'மனப்பதிவு' என்று யாரோ நல்ல எண்ணத்தோடு வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லின் முதல் பாதி நம்மைப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களின் சொல்லில் மனம் எங்கும் இல்லை. வெறும் பதிவு, முத்திரை விழுவதுபோல. அதுவும் திட்டம் போட்டு வைத்த பெயரும் அல்ல. 1874 ஏப்ரலில் பாரிஸில், புகைப்படக்காரர் நாடாரின் பழைய ஸ்டூடியோவில் சில ஓவியர்கள் சொந்தமாகக் கண்காட்சி வைத்தார்கள். லெ ஆவ்ர் துறைமுகத்தை வரைந்த ஒரு படத்துக்கு விவரப்பட்டியலில் போடத் தலைப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் புகைமூட்டத்தை லெ ஆவ்ரின் காட்சி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், 'இம்ப்ரஷன்' என்று போட்டுவிடுங்கள் என்று தான் சொன்னதாக மோனே பிற்பாடு நினைவுகூர்ந்தார். லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அரைகுறைச் சுவர்த்தாள்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று கிண்டலடித்தார். கிண்டலே பெயராக ஒட்டிக்கொண்டது.

எதிர்க்கட்சிக்கு ஒரு சாட்சி உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. லெருவா கிண்டல் செய்த சில நாட்களில் காஸ்தஞ்யாரி என்ற விமர்சகர் இவர்களை ஆதரித்து எழுதினார். இவர்கள் நிலக்காட்சியை வரைவதில்லை, நிலக்காட்சி எழுப்பும் உணர்வை வரைகிறார்கள் என்பது அவர் வாதம். பார்த்தியா, உணர்வு என்றுதானே இருக்கிறது என்பார்கள். தமிழில் 'உணர்வு' என்ற ஒரே சொல்லுக்குள் சூடு படுவதும் அடங்கும், காதலும் அடங்கும். காஸ்தஞ்யாரி சொன்னது முதல் வகை. புலனில் படுவது. தோலில் சூடு படுவதுபோல விழித்திரையில் ஒளி படுவது. அதற்குப் பிறகுதான் மனம் வருகிறது. வந்து என்ன செய்கிறது என்பதில்தான் எங்கள் சண்டையே இருக்கிறது.

நேராக ஓர் ஓவியத்துக்கு வருகிறேன். மோனே 1868–69 குளிர்காலத்தில் நார்மண்டியின் எத்ரெதா பக்கம் வரைந்த 'மேக்பை'. எங்கும் பனி. குச்சிகளால் பின்னிய ஒரு வேலி. வேலிப் படலின் மேல் கறுப்பு வெள்ளையாய் ஒரு பறவை. வேலியின் நிழல் பனிமேல் விழுகிறது. அந்த நிழல் நீலம். 1869இல் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியின் நடுவர் குழு இதை நிராகரித்தது. பிறகு பல ஆண்டுகளுக்கு இந்த நீலமும் ஊதாவும் படிந்த நிழல்களுக்காகவே இவர்கள் திட்டு வாங்கினார்கள்.

இந்த நீலத்தைப் பார்த்து நம் ஆட்கள் தனிமை, வெறுமை, குளிர்கால சோகம் என்று எழுதுவார்கள். சரி, ஒரு நிமிடம் இந்த மீட்டர்காரன் சொல்வதைக் கேளுங்கள். வெயில் நேராக விழும் பனி சற்றே மஞ்சள் ஏறிய வெள்ளை. வேலி மறைக்கும் இடத்தில் சூரியனின் நேர் ஒளி இல்லை. ஆனால் அங்கே இருட்டும் இல்லையே? எங்கிருந்தோ ஒளி வருகிறது. வானத்திலிருந்து வருகிறது. காற்றில் சிதறி வரும் அந்த ஒளி நீலம். எங்கள் தொழிலில் ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வோம். நண்பகல் வெயில் 5,500 பக்கம். தெளிந்த வானத்தின் ஒளி மட்டும் விழும் நிழல் 10,000ஐத் தாண்டும். நிழலில் படம் எடுத்தால் கேமரா நீலமாகக் காட்டும், பிறகு நாம் உட்கார்ந்து சரிசெய்வோம். மோனே சரிசெய்யவில்லை. அவ்வளவுதான். வேலி சோகமாக இல்லை. பறவை சோகமாக இல்லை. அவர்கூட சோகமாக இருந்திருக்கத் தேவையில்லை. அன்றைக்கு வயிறார பசியாறிவிட்டு வந்து வரைந்திருந்தாலும் நிழல் நீலமாகத்தான் இருந்திருக்கும்.

அப்படியென்றால் நமக்கு ஏன் நிழல் சாம்பலாகத் தெரிகிறது? மனம்தான் காரணம். பனி வெள்ளை என்று அதற்கு முன்பே தெரியும். கண் நீலத்தை அனுப்பினாலும், 'வெள்ளைதான், கொஞ்சம் வெளிச்சம் குறைவு' என்று திருத்திவிடுகிறது. வாழ்வதற்கு இந்தத் திருத்தம் தேவை. காலையிலும் மாலையிலும் குழல்விளக்கின் கீழும் ஒரே சட்டை ஒரே நிறமாகத் தெரிவது இதனால்தான். அதற்கு முந்தைய சில நூற்றாண்டு ஓவியர்கள் பலரும் இந்தத் திருத்தப்பட்ட பதிப்பைத்தான் வரைந்தார்கள், நிழலுக்குப் பழுப்பும் கறுப்பும் போட்டு. மோனே கேட்டது திருத்தத்துக்கு முந்தைய கைப்பிரதியை. லில்லா கேபட் பெர்ரி என்ற அமெரிக்க ஓவியர் ஜிவெர்னியில் அவருக்கு அண்டை வீட்டுக்காரர்போல பல கோடைகள் வாழ்ந்தவர். மோனே சொன்னதாக அவர் எழுதிவைத்திருக்கிறார்: எதிரே இருப்பது மரம், வீடு என்பதையெல்லாம் மறந்துவிடு, இங்கே ஒரு நீலச் சதுரம், அங்கே ஓர் இளஞ்சிவப்பு நீள்சதுரம், அங்கே ஒரு மஞ்சள் கோடு என்று மட்டும் பார். பிறவிக் குருடனாகப் பிறந்து திடீரென்று பார்வை கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் ஆசைப்பட்டாராம். மனசால பாக்கணும் என்று என்னிடம் சொன்ன அண்ணன் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மனசை நகர்ந்து நிற்கச் சொன்ன மனிதனைப் பற்றித்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது, அது எனக்கு மிகவும் பிடித்தது. வெளியே நேர் வெயிலில் லக்ஸ் மீட்டரை வைத்தால் ஒரு லட்சம் பக்கம் காட்டும். நம் அலுவலக மேசையில் ஐந்நூறு. இந்த வித்தியாசத்தை எதை வைத்து வரைவது? குழாயிலிருந்து பிதுக்கும் வெள்ளைச் சாயம் கறுப்புச் சாயத்தைவிட இருபது முப்பது மடங்குதான் அதிக ஒளியைத் திருப்பும். அதாவது, வெயிலை வரையவே முடியாது. வெயிலடிப்பதாகக் கண்ணை நம்பவைக்கத்தான் முடியும். அதற்கான வழியில் ஒரு பகுதி ஒரு வேதியியல்காரரிடமிருந்து வந்தது. கொபெலின் நெசவாலையின் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ருலிடம், கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குறை இல்லை. பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கறுப்பு மாறுகிறது என்று கண்டுபிடித்து 1839இல் ஒரு தடிமனான புத்தகமே போட்டார். ஒரு நிறம் தன் எதிர்நிறத்துக்குப் பக்கத்தில் பற்றி எரியும். ஆரஞ்சுக்கு நீலம், சிவப்புக்குப் பச்சை.

இப்போது கையில் போன் இருக்கும்தானே? மோனேவின் 'இம்ப்ரஷன், சூரியோதயம்' படத்தைத் திறங்கள். லெருவா கிண்டலடித்த அதே படம். நீலச் சாம்பல் மூட்டத்தில் ஆரஞ்சு உருண்டையாகச் சூரியன். இப்போது அதைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல்போய்விடும். ஹார்வர்டின் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை எடுத்துக்காட்டினார்: அந்தச் சூரியனும் அதைச் சுற்றியுள்ள வானமும் ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் தீட்டப்பட்டவை. நிறத்தால் மட்டுமே அது தனித்து நிற்கிறது. நம் பார்வை அமைப்பில் இடத்தையும் அசைவையும் கணிக்கும் பகுதிக்கு நிறம் சரியாகத் தெரியாது. அதனால் சூரியன் எங்கே இருக்கிறது என்று அது தடுமாறுகிறது, நமக்குச் சூரியன் துடிப்பதுபோல் இருக்கிறது. முதல்முறை இதைச் செய்துபார்த்தபோது விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து 'டேய்!' என்று கத்திவிட்டேன். இதற்கு நான் நடுங்கியதில் கால்வாசிகூட என் தனிமைக் கவிதைக்கு யாரும் நடுங்கியிருக்கமாட்டார்கள்.

இதே படத்தைப் பற்றி 2014இல் டெக்சாஸ் வானியலாளர் டொனால்ட் ஓல்சன் ஒரு கணக்குப் போட்டார். சூரியன் நிற்கும் உயரம், கப்பல்கள் நுழையும் அளவுக்கு ஏறியிருந்த கடல்மட்டம், பழைய வானிலைக் குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, 1872 நவம்பர் 13, காலை 7.35 வாக்கில் என்று முடிவுக்கு வந்தார். கணக்கு நிமிடம் தப்பியிருக்கலாம், அதை விடுங்கள். வெறும் மனநிலையில் வரைந்த ஓவியத்துக்கு இப்படி ஒரு கணக்கைத் தொடங்கவாவது முடியுமா?

வான்கோவை இழுக்காமல் இந்தச் சண்டை முடியாது. யாராவது கட்டாயம் இழுப்பார்கள். ஆமாம், 1888இல் ஆர்லில் வரைந்த 'இரவு விடுதி'யில் சிவப்பையும் பச்சையையும் மோதவிட்டு மனிதனின் பயங்கரமான வேட்கைகளைச் சொல்ல முயன்றதாக வான்கோவே தம்பிக்கு எழுதினார். நிறத்தை உணர்ச்சியின் மொழியாக ஆக்கியவர் அவர். ஆனால் அவர் இவர்களுக்கு அடுத்து வந்தவர், இவர்களிடம் கற்று, பிறகு வேண்டுமென்றே வேறு பக்கம் போனவர். அவர் எங்கே பிரிந்தார் என்று தெரியாவிட்டால் அவரையும் சேர்த்துத்தான் இழக்கிறோம். மால்களில் இருவரையும் ஒரே புரொஜெக்டரில் போட்டு, பின்னணியில் பியானோ ஒலிக்கவிட்டு, தரையில் படுத்துக்கொண்டு பார்க்கச் சொல்கிறார்களே, அங்கே இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு?

என் பக்கத்து ஓட்டையையும் நானே காட்டிவிடுகிறேன். ரூவான் தேவாலயம். 1892, 1893 இரண்டு ஆண்டும் குளிர்காலக் கடைசியில் மோனே அந்த ஊருக்குப் போய், தேவாலயத்துக்கு எதிரே அறை எடுத்து, ஒளி மாற மாறத் துணியை மாற்றி மாற்றி வரைந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள். அதே கல், அதே வாசல். தேவாலயம் நீலமாகவும் இளஞ்சிவப்பாகவும் மஞ்சளாகவும் தன் தலைமேல் இடிந்து விழுவதாகக் கனவு கண்டதாகக் கடிதம் எழுதினார். இதுவரை என் கட்சிக்குச் சாதகம். ஆனால் அந்தப் படங்களை அவர் ரூவானில் முடிக்கவில்லை. ஜிவெர்னிக்கு எடுத்துவந்து, தேவாலயமே கண்முன் இல்லாத ஸ்டூடியோவில், மாதக்கணக்கில் சாயத்துக்கு மேல் சாயமாக அப்பினார். 1895இல் இருபது படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஸ்டூடியோவில் எந்த மீட்டர் இருந்தது? ஞாபகம்தான் இருந்தது. ஒரு படத்தின் நீலம் பக்கத்துப் படத்தின் ஆரஞ்சோடு எப்படி நிற்கிறது என்ற கணக்கு இருந்தது. 1890இல் வைக்கோல்போர்களை வரையும்போது நண்பர் ஜெஃப்ருவாவுக்கு எழுதிய கடிதத்தில், சூரியன் பின்தொடர முடியாத வேகத்தில் இறங்குகிறது, வேலை ஆமைபோல் நகர்கிறது என்று புலம்பிவிட்டு, தான் உணர்வதை வரைய வேண்டும் என்றும் சொல்கிறார். ஆக, அவர் கேமரா இல்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்வது வரிசையைப் பற்றி. கண் முதலில், மனம் அதன் பின்னே. நம் கூட்டங்களில் பின்னது மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. 'மனப்பதிவு' என்ற சொல்லை ஓவியத்திலிருந்து எடுத்து விமர்சனத்துக்கும் வைத்துக்கொண்டோம். ஒரு நாவலைப் பற்றி எழுதச் சொன்னால், "இந்நாவல் என்னை ஏதோ செய்தது, சொல்லத் தெரியவில்லை" என்று முடிக்கிறோம். சொல்லத் தெரியவில்லை என்றால் திரும்பிப் போய்ப் பாருங்களேன்? மழைக்காலம் என்றால் சாம்பல் வானம், சாம்பல் மனம் என்று எழுதுகிற கவிஞர்கள் ஒருநாளாவது மூன்று மணி மழைக்கு முந்தைய நம் வானத்தைத் தலைதூக்கிப் பார்த்திருந்தால், அதன் அடிவயிற்றில் ஊதாவும் ஓரத்தில் பித்தளையும் இருப்பது தெரிந்திருக்கும். இவர்கள் யாரிடமிருந்து அந்தப் பெயரை எடுத்தார்களோ அந்த ஓவியர்கள், ஒரே கதிர்ப்போரின் எதிரே பனியில் விரல் விறைக்க நின்றவர்கள். 1897இல் பிசாரோவுக்குக் கண்ணில் கோளாறு, தூசியில் வெளியே நின்று வரைய முடியாது. பாரிஸில் ஹோட்டல் அறை எடுத்து ஜன்னல் வழியாக மோன்மார்த்ர் பெருவீதியை வரைந்தார். அதில் ஒன்று இரவுக்காட்சி. தெரு நடுவே புதிதாக வந்த மின்விளக்குகளின் குளிர்ந்த வெள்ளை, கடை ஜன்னல்களில் எரிவாயு விளக்கின் ஆரஞ்சு, வண்டிகளின் எண்ணெய் விளக்குகள் புள்ளிகளாய். மூன்று வகை விளக்கு, மூன்று நிறம். தெருவிளக்கு அமைக்கும் வேலை பார்ப்பவன் நான். அந்தப் படத்தின் எதிரே எனக்குத் தொப்பியைக் கழற்றத் தோன்றுகிறது. கண் கெட்ட அறுபத்தாறு வயதுக்காரர் பார்த்ததை, கண் நன்றாக உள்ள நாம் 'இரவின் ஏக்கம்' என்று எழுதிக் கடந்துவிடுவோம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

1879 செப்டம்பர் 5. வெத்தேய் என்ற ஊரில் மோனேவின் முதல் மனைவி கமீல் இறந்துபோனார். வயது 32. நீண்ட நோய், கையில் காசில்லை, இரண்டு பிள்ளைகள். மரணப்படுக்கையில் கிடந்த அவர் முகத்தை மோனே வரைந்தார். ஒர்சேயில் இருக்கிறது அந்தப் படம். பல ஆண்டுகள் கழித்து நண்பர் கிளெமான்சோவிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். தனக்கு அவ்வளவு பிரியமாக இருந்த அந்த முகத்தின் நெற்றிப்பொட்டில் மரணம் படியவைக்கும் நிறங்களை, நீலம், மஞ்சள், சாம்பல் என்று தன் கண் தானாகவே வரிசைப்படுத்திக்கொண்டிருந்ததைத் திடீரென்று உணர்ந்ததாகச் சொன்னார். செக்கில் கட்டிய மாடு சுற்றுவதுபோல, தன் விருப்பத்தைக் கேட்காமலே அது நடந்ததாம்.

இதைக் கேட்டால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். மனிதனா இவன் என்பார்கள். அல்லது படத்தில் உள்ள நீலத்தைக் காட்டி, பார், துக்கத்தின் நிறம் என்பார்கள். படத்தை நன்றாகப் பாருங்கள். கீறல் கீறலாக ஊதாவும் வெள்ளையும் அந்த முகத்தை மூடிக்கொண்டு வருகின்றன. அதில் எந்தக் கீறலும் துக்கம் என்று எழுதி ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஜன்னலிலிருந்து விழுந்த ஒளி அது. அவர் துக்கத்தை வரைய உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அந்தக் கால மரணப்படுக்கை ஓவியங்களைப் பார்த்தால் தெரியும்: மெழுகுவர்த்தி, கைக்குட்டை, குனிந்த தலைகள்.

என் பாட்டி போன வருடம் இறந்தார். வார்டில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். விடிகாலை நான்கு மணி. பாட்டியின் கன்னத்தில் பச்சை படிந்திருந்தது. உயிர் போனதால் அல்ல. மேலே இருந்த பழைய குழல்விளக்குகளின் பச்சை. அதில் ஒன்று மட்டும் புதிதாக மாற்றியது, அது கொஞ்சம் இளஞ்சிவப்பு. நெற்றியின் ஒரு பாதியில் அந்த இளஞ்சிவப்பு. எந்த விளக்கு எந்தப் பக்கம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து தோளைத் தொட்டபோது, திருட்டுத்தனம் செய்து பிடிபட்டதுபோல இருந்தது. மீட்டர் வச்சு அளக்குற ஆளு. மாமாக் கடையில் நான் ஏன் பதில் பேசவில்லை என்பதற்கு மரியாதை மட்டும் காரணம் இல்லை.

பாட்டிக்காக நான் எழுதி, ஒரு நினைவு மலரில் வந்த கவிதையில் 'இருள் சூழ்ந்த அந்த அறை' என்று ஒரு வரி இருக்கிறது. எல்லாரும் பாராட்டியது அந்த வரியைத்தான். அந்த அறையில் இருள் கிடையாது. ஆறு குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, ஐந்து பச்சை, ஒன்று இளஞ்சிவப்பு.